தளத்துக்கு அடியில் கேட்ட தட்டல்

மரத்தை எப்படிப் பொருத்துவது, ஆணியை எந்தச் சாய்வில் இறக்குவது என்றெல்லாம் எழுதியிருப்பேன் என்று நினைத்து இதைக் கையில் எடுத்தவர்கள் இப்போதே கீழே வைத்துவிடலாம். அதற்கெல்லாம் உங்கள் கைப்பேசியில் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. அதில் பேசுகிறவர்கள் என்னைவிட அழகாகவும் பேசுகிறார்கள்.

லூமுட் கப்பல் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒரு வெள்ளிக்கிழமை மதியத்தைப் பற்றி. என் வேலைக்காலத்தில் நான் செய்த பெரிய தவறு அன்றுதான் நடந்தது. செய்தேன் என்பதைவிட, செய்ய வேண்டியதைச் செய்யாமல் நின்றேன் என்பதே சரி. இன்றைக்கும் ஈப்போவில் எங்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டினால், என் வீட்டுக்காரி சேலையைச் சரிசெய்து எழுவதற்குள் நான் வாசலில் இருப்பேன். வயதான காலத்தில் என்ன இந்தச் சுறுசுறுப்பு என்று அவள் கிண்டல் செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும்.

அப்போது எங்களிடம் வந்திருந்தது ஒரு நகல் கப்பல். பழைய காலத்தில் இந்தக் கடலில் ஓடிய இரண்டு பாய்மர வணிகக் கப்பல் ஒன்றைப் பார்த்து, சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டியது. கட்டிச் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு, பிறகு யாரும் கவனிக்காமல் ஆற்றுச் சேற்றில் விட்டுவிட்டார்கள். அதை மேட்டில் ஏற்றிப் பழுதுபார்த்து மறுபடியும் மிதக்க விடுவது எங்கள் வேலை. நான் தலைமைத் தச்சன்.

நகல்தானே என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். கடலுக்கு எது அசல், எது நகல் என்று தெரியாது. ஓட்டை இருந்தால் இரண்டுக்குள்ளும் ஒரே தண்ணீர்தான் வரும்.

கட்டியவர்கள் வெளிப்பலகைக்கு நல்ல கெட்டி மரம் போட்டிருந்தார்கள். உள்ளே வளைவான விலா மரங்களுக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டிருந்தார்கள். பின்கோடியில், சுக்கானுக்கு முன்னால், ஒரு பெரிய வளைந்த கட்டை. அது புளியமரம். ஏதோ ஒரு ரப்பர்த் தோட்டத்தை அழித்து வீடு கட்டியபோது வெட்டிய மரம் என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கட்டையில் பாதி உளுத்திருந்தது. ஒரு திங்கட்கிழமை காளிமுத்து அங்கே படுத்துக்கொண்டு உளுத்த பகுதியைச் செதுக்கிக்கொண்டிருந்தான். காளிமுத்து சுங்கை சிப்புட்காரன், பட்டறையிலேயே நல்ல கை. அவன் உளி எதிலோ மோதிக் கிணுங் என்றது. அப்புறம் வேலைச் சத்தம் இல்லை. வெளியே ஊர்ந்து வந்தவன் முகத்தில் இரத்தம் இல்லை.

"அண்ணே, நீங்களே வந்து பாருங்க. நான் இனி அதுல கை வைக்க மாட்டேன்."

நான் ஊர்ந்து போய் விளக்கடித்துப் பார்த்தேன். மரத்துக்குள் ஒரு சாண் நீள இரும்பு ஆணி. மரம் வளர வளர அதை முழுதாக விழுங்கியிருக்கிறது. ஆணியின் கழுத்தைச் சுற்றி முடி. கறுத்த, நீளமான, பெண்ணின் தலைமுடி. மரத்தின் ஈரத்தில் அது இன்னும் மினுமினுத்துக்கொண்டிருந்தது.

ரப்பர்த் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்கிறேன். பேய் பிடித்தது என்று ஒரு பெண்ணைப் பூசாரியிடம் கொண்டுபோவார்கள். அவர் பேயை ஆட வைத்து, கேள்வி கேட்டு, கடைசியில் அவள் உச்சி முடியைப் புளியமரத்தோடு சேர்த்து ஆணி அடிப்பார். முடியை அறுத்துவிட்டால் பெண் வீட்டுக்குப் போவாள், பேய் மரத்திலேயே நிற்கும். ஆணியைப் பிடுங்கினால் பேய் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. நான் படித்தவன், பேப்பர் வாசிக்கிறவன். இருந்தாலும் அந்த முடியைப் பார்த்தபோது என் பிடரி கூசியது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கதையை எழுதுவதிலேயே பொருளில்லை.

அன்று மதியம் எல்லோரும் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஜெனரேட்டர் நின்றிருந்தது. யாருமில்லாத கப்பலுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். சோற்றில் கை வைத்தபடி எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். போய்ப் பார்த்தேன், யாருமில்லை. செவ்வாய், புதன், வியாழன் மதியங்களிலும் தட்டல் கேட்டது. அந்த மூன்று நாளும் நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆட்கள் வேலையை விட்டுப் போகிற நிலை வந்துவிட்டது. சனிக்கிழமை பெரிய அலையேற்றம். அன்று கப்பலைத் தண்ணீரில் இறக்காவிட்டால் அடுத்த பெருநீருக்குக் காத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையிலேயே நான் ஒரு முடிவெடுத்திருந்தேன். ஆணியைத் தொட வேண்டாம், கட்டையையும் எடுக்க வேண்டாம். அதன் இரண்டு பக்கமும் புது மரம் கொடுத்து, உளுப்பைக் கொல்லும் மருந்தைப் பூசி, மேலே தரைப்பலகையைப் போட்டு மூடிவிடுவோம். அந்தக் கட்டையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தவன் நான். செத்த சத்தம் வந்தது என்பது எனக்குத் தெரியும். மேற்பார்வைக்கு வந்த எஞ்சினியரிடம் 'நல்லா இருக்கு' என்று சொன்னவனும் நான்தான்.

இப்போது லெட்சுமி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலகை இடுக்குகளில் மரப்பட்டை நாரைத் திணித்து, மழுங்கிய உளியால் அடித்து இறுக்குகிற வேலை அவருடையது. தண்ணீர் உள்ளே வராமல் காப்பது அந்த வேலைதான். என்னைவிட ஐந்து வயது இளையவர், ஆனாலும் பட்டறை முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அதிகம் பேச மாட்டார். செவ்வாய்க்கிழமை ஆணியைப் பற்றிக் கேள்விப்பட்டபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த முடிய அப்படியேவா வச்சு மூடப் போறீங்க?"

"வேற என்னக்கா பண்றது? எடுத்தா ஆளுங்க நிக்க மாட்டாங்க. சுசா லா, ரொம்பக் கஷ்டம்."

அவர் தன் வேலைக்குப் போய்விட்டார். எதற்குக் கேட்டார் என்று நான் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மலாய்த் தச்சர்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவதால் அன்றைக்கு மதிய ஓய்வு நீளம். இரண்டே முக்கால் வரை கப்பலில் யாரும் ஏற மாட்டார்கள். காலையில்தான், ஆணி இருந்த பக்கம் பார்க்காமலேயே, மருந்து பூசியிருந்தோம். ஒரு நாளாவது காற்றாட விட வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. நான் காளிமுத்துவைக் கூப்பிட்டு, ஆட்கள் வருவதற்குள் மூடி முடித்துவிடலாம் என்றேன். கண்ணில் படாவிட்டால் பயமும் போய்விடும் என்பது என் கணக்கு.

தரையில் மூன்று பலகை அகலத்துக்குத் திறந்திருந்தது. அதன் வழியாக இறங்கி, படுத்து ஊர்ந்து, பின்பக்கமாகத் திரும்பினால்தான் அந்தக் கட்டை. மூடுவதற்கு முன் குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு விளக்கு, ஓர் உளி, ஓர் ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் பொந்தையும் மூடக்கூடாது. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! அன்று காளிமுத்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பலகையை இறக்கினான். நான் கப்பலின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு திருகாணியை எடுத்துக் கொடுத்தேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பதினான்கு திருகாணிகளையும் துளைக்கருவியால் முறுக்கி இறக்கிவிட்டு, கருவியை நிறுத்தினோம்.

சத்தம் நின்றதும் கீழே தட்டல் கேட்டது.

காலுக்கு நேர் அடியில். டொக் டொக், டொக்கு. டொக் டொக், டொக்கு. பலகையின் அதிர்வு செருப்பில்லாத என் பாதத்தில் ஏறியது.

காளிமுத்து இரண்டு எட்டு பின்னால் போனான். அப்போது குரலும் வந்தது. கனத்த பலகைக்கும் அப்பால், தொண்டை கட்டிய ஒரு பெண் குரல்.

"தொறங்க... முருகையாண்ணே, தொறங்க..."

"பேர் சொல்லிக் கூப்பிடுதுண்ணே," என்று காளிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "பதில் சொல்லிடாதீங்க. வாயத் தொறக்காதீங்க."

அவன் சொல்லியே இருக்க வேண்டாம். தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் அது பால்குடியோடு வந்த பாடம். கட்டிவைத்த பேய் தெரிந்தவர் மாதிரிப் பேசும், கெஞ்சும், பேர் சொல்லும். இரண்டு தடவைதான் கூப்பிடும். மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் மனிதர். அதுவரை பதில் சொல்லக் கூடாது.

"முருகையாண்ணே..."

இரண்டு.

நான் மூன்றாவதற்குக் காத்திருந்தேன். நல்ல வெயில். கொட்டகை பக்கம் யாரோ தட்டு கழுவுகிற சத்தம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. என் மூளை முழுவதும் ஒரே எண்ணில் நின்றது. மூன்று வரட்டும், மூன்று வந்தால் திறக்கலாம்.

வரவில்லை. தட்டல் மட்டும் மெதுவாகக் கேட்டது. காளிமுத்து தன் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து சூடம் எடுத்து வந்தான். புதுப் பலகையின் மேலேயே ஏற்றினோம். பெயிண்ட் டப்பாக்களும் மருந்தும் இருக்கிற இடத்தில் நெருப்பு வைக்கிறோமே என்றுகூடத் தோன்றவில்லை. இரண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டோம். சூடம் எரிய எரியத் தட்டல் குறைந்தது. சூடம் அணைந்தபோது சுத்தமாக நின்றுவிட்டது.

"அடங்கிருச்சுண்ணே," என்று காளிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பாத்தீங்களா, அடங்கிருச்சு."

எனக்கும் நிம்மதியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அந்தத் தட்டல் நின்றபோது எனக்கு நெஞ்சு லேசாகி, பசிகூட எடுத்தது.

பலகை சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, பழக்கதோஷத்தில் மரச் சுத்தியலை எடுத்து ஓரத்தில் தட்டினேன். என் தட்டு ஒற்றைத் தட்டு. தட்டியதும்தான் காதில் வித்தியாசம் உறைத்தது. கீழே கேட்டது ஒற்றைத் தட்டு இல்லை. இரண்டு லேசாக, ஒன்று அழுத்தி. டொக் டொக், டொக்கு. பட்டறையில் ஆளுக்கு ஒரு கை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே யார் அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். நாரை உள்ளே தள்ள இரண்டு, இறுக்க ஒன்று. அப்படி அடிக்கிற கை எங்கள் பட்டறையில் ஒன்றே ஒன்றுதான்.

விளிம்புக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். கெத்தாப்பாங் மரத்தடியில் லெட்சுமி அக்காவின் மோட்டார் சைக்கிள் நின்றது. கொட்டகை மேசையில் அவருடைய சாப்பாட்டு அடுக்கு திறக்காமல் இருந்தது.

"காளி! அது அக்காடா!"

"இல்லண்ணே, அப்படித்தான் நெனைக்க வைக்கும். வேணாண்ணே!" அவன் பலகையின் மேல் ஏறி நின்றுகொண்டான். அவன் கெட்டவன் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தான். நான் அவனைக் கீழே தள்ளினேன். திருகாணியைக் கழற்ற நேரமில்லை, கடப்பாரையைச் சொருகி நெம்பினேன். காலையில் இழைத்த புதுப் பலகை பிளந்து கிளம்பியது. மருந்து நெடி ஓங்கி முகத்தில் அடித்தது. திறப்புக்கு நேர் கீழே ஒரு கை, வளையலோடு, அசையாமல் கிடந்தது.

அதைப் பார்த்த நொடியில் காளிமுத்து அலறிக்கொண்டு உள்ளே குதிக்கப் பார்த்தான். இங்கேதான் நான் அன்றைக்குச் செய்த ஒரே சரியான காரியம். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்த நெடியில் இறங்குகிறவன் இரண்டாவது பிணமாவான். மீதிப் பலகையையும் பிளந்துவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டி, மூச்சை அடக்கச் சொல்லி அவனைத் தலைகீழாக இறக்கினேன். அவன் அக்காவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தான். நான் இருவரையும் சேர்த்து இழுத்தேன். எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியவில்லை.

அக்காவுக்கு மூச்சு இருந்தது. தலைத்துணியை வாயில் கட்டியிருந்தார், அதுதான் காப்பாற்றியது என்று பிறகு டாக்டர் சொன்னார். இடது கை இறுக மூடியிருந்தது. விரல்களைப் பிரித்தபோது உள்ளே அந்த ஆணி இருந்தது, முடியோடு.

மூன்று நாட்களாக மதிய ஓய்வில் உள்ளே ஊர்ந்து போய் ஆணியைச் சுற்றி மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கியிருக்கிறார். நாங்கள் கேட்ட தட்டல் அதுதான். வெள்ளிக்கிழமை நீண்ட ஓய்வு என்பதால் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஆணி கையில் வந்தபோதே தலை சுற்றியிருக்கிறது. எங்கள் துளைக்கருவிச் சத்தம் கேட்டு ஊர்ந்து திரும்பி வருவதற்குள் வெளிச்சம் மறைந்துவிட்டது.

ஒன்றுமட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன் சரி. திங்கட்கிழமை மதியம் கேட்ட தட்டல்? அன்று அக்கா விடுமுறை. தெலுக் இந்தானில் உறவினர் வீட்டில் இருந்தார். மூன்று முறை கேட்டுவிட்டேன், அதே பதில்தான். திங்கட்கிழமைத் தட்டல் ஒவ்வொன்றும் ஒரே அளவாகத்தான் இருந்தது, அக்காவின் கை அல்ல.

சனிக்கிழமை கப்பல் இறங்கவில்லை. எஞ்சினியரிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் புளியங்கட்டையைப் பிரித்தபோது புட்டு மாதிரி உதிர்ந்தது. அதோடு கடலில் விட்டிருந்தால் பயணிகளோடு பின்கோடி பிய்ந்திருக்கும். ஓர் ஆணிக்குப் பயந்து அத்தனை பேரையும் பலி கொடுக்கப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய வேலைப்பாடம் இவ்வளவுதான்: பார்க்கப் பயமாக இருக்கிற இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூடிய இடத்திலிருந்து சத்தம் வந்தால் திறந்துவிட்டு யோசியுங்கள். அங்கே பேயே இருந்தாலும் பலகை ஒன்றுதான் நட்டம்.

மீதிக் கதை வேலையைப் பற்றியதல்ல.

ஒரு வாரம் கழித்து அக்காவைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கிப்போன ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவரே காப்பி கலக்கிக் கொண்டுவந்தார். முடியைப் பிரித்து ஆற்றில் விட்டுவிட்டதாகவும், ஆணியைப் பழைய இரும்போடு போட்டுவிட்டதாகவும் சொன்னார்.

"அது உங்க முடியாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியல. எனக்கும் ஒரு ஆணி அடிச்சாங்க, வேற எஸ்டேட்ல. எவ முடியா இருந்தா என்ன. எவளோ ஒருத்தியோடதுதானே."

பிறகு அவர் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"எனக்குப் பதினஞ்சு வயசு. அப்பா செத்ததுல இருந்து பேச்சு வரல, சோறு எறங்கல. பேய்னுட்டாங்க. பூசாரிகிட்ட கொண்டுபோனாங்க. வலிக்குதுன்னேன், பேய்க்கு வலிக்குதுன்னாங்க. தண்ணி கேட்டேன், பேய் கேக்குதுன்னாங்க. முடிய இழுத்து ஆணி அடிக்கையில வலியத் தாஹான் பண்ண முடியாம அம்மானு கத்துனேன். எங்கம்மா காத மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. கத்துனது அவ மகதானே அண்ணே?"

நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு உள்ள இருந்து கூப்பிட்டேனே," என்றார். "ஒங்களுக்குக் கேக்கலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். மருந்து நெடி, கனத்த பலகை, எதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"கேட்டுச்சுக்கா. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. மூணாவது தடவ கூப்பிட்டா தொறக்கலாம்னு நின்னேன்."

லெட்சுமி அக்கா என்னைத் திட்டவில்லை. ஆறிப்போன காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மூணாவது தடவ கூப்பிட மூச்சு இருக்கணுமே அண்ணே," என்றார்.